முகமூடி, சீட்டுக்கட்டு, ஒரு நோட்டு: தனியாக ஆடும் 'டைரி கேம்' என்றால் என்ன?

சூப்பர் ஹீரோ கேம் என்றதும் பிளேஸ்டேஷனும் பெரிய டிவியும்தான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரை பேசப்போகும் கேமுக்கு மின்சாரமே வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, 52 சீட்டு, லூடோ பெட்டியில் கிடக்கும் ஒரு பகடை போதும். ஆடுபவர் ஒருவர்தான். எதிராளி கிடையாது, ஸ்கோர் கிடையாது, பெரும்பாலும் ஜெயிப்பதும் கிடையாது. ஆடி முடித்த பின் கையில் மிஞ்சுவது ஒரு டைரி. பகலில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, இரவில் முகமூடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும் ஒருவரின் டைரி. எழுதியவர் நீங்கள்.

'சோலோ ஜர்னலிங் கேம்' என்று இந்த வகைக்குப் பெயர். 1974-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கிவைத்த ரோல் பிளேயிங் கேம் குடும்பத்தின் கடைக்குட்டி என்று சொல்லலாம். அந்தக் கேமுக்கு நாலைந்து நண்பர்கள் ஒரே நேரத்தில் ஃப்ரீயாக இருக்க வேண்டும். பெங்களூரில் நாலு பேரை ஒரே சனிக்கிழமை மாலை ஒரே இடத்துக்கு வரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவுட்டர் ரிங் ரோடு தெரிந்த எல்லோருக்கும் தெரியும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை.

கேமா, கதை எழுதுவதா?

இரண்டும்தான். வித்தியாசம் எங்கே என்றால், கதை எழுதும்போது அடுத்து என்ன நடக்கும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். இங்கே சீட்டு முடிவு செய்கிறது. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கேள்வி, அதாவது ஒரு ப்ராம்ப்ட், விதிப்புத்தகத்தில் இருக்கும். சீட்டை எடுக்கிறீர்கள், ப்ராம்ப்டைப் படிக்கிறீர்கள், உங்கள் பாத்திரத்தின் குரலில் நாலு வரியோ நாலு பக்கமோ எழுதுகிறீர்கள். (ஆபீஸில் நாள் முழுக்க மெஷினுக்கு ப்ராம்ப்ட் எழுதுபவர்களுக்கு இது ஒரு இனிய பழிவாங்கல்.)

இந்த வகையில் அதிகம் பேசப்படும் இரண்டு கேம்களைப் பார்த்தால் இயக்கம் புரியும்.

முதலாவது, டிம் ஹட்சிங்ஸ் உருவாக்கிய 'தவுசண்ட் இயர் ஓல்ட் வாம்பயர்'. நூற்றாண்டுகளாக வாழும் ஒரு ரத்தக்காட்டேரியின் கதை. பத்து முகப் பகடை, ஆறு முகப் பகடை இரண்டையும் உருட்டி, முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழித்து, அந்த எண்ணுக்கு ஏற்ப ப்ராம்ப்டுகளில் முன்னே போகிறீர்கள், அல்லது பின்னே வருகிறீர்கள். இதன் உயிர்நாடி ஒரு சின்ன விதி: உங்கள் மனதில் ஐந்து நினைவுகளுக்குத்தான் இடம். ஆறாவது வந்தால் ஒன்றை அடிக்க வேண்டும். டைரி ஒன்றை வைத்துக்கொண்டு அதில் நான்கு நினைவுகளைப் பத்திரப்படுத்தலாம். ஆனால் டைரி தொலைந்தால் அதில் இருந்ததும் போச்சு. சொந்தத் தாயின் பெயரைத் தானே பேனாவால் அடிக்கும்போது வரும் உணர்வை எந்த கிராஃபிக்ஸ் கார்டும் தராது.

இரண்டாவது, கிறிஸ் பிஸெட்டின் 'தி ரெச்சட்'. 2020-ல் வந்தது. விண்வெளிக் கப்பல் ஒன்றில் உயிரோடு மிஞ்சிய ஒரே ஆள் நீங்கள், வெளியே ஒரு ஜந்து காத்திருக்கிறது. தினமும் பகடை உருட்டி அத்தனை சீட்டுகளை எடுத்து, அன்றைய குறிப்பைப் பதிவு செய்ய வேண்டும். சில சீட்டுகள் ஜெங்கா கோபுரத்தில் இருந்து ஒரு கட்டையை உருவச் சொல்லும். கோபுரம் சரிந்தால் கதை முடிந்தது. நான்கு ராஜாக்களும் வெளியே வந்துவிட்டாலும் கதை முடிந்தது.

இந்த இரண்டாவது கேமின் எலும்புக்கூட்டை மட்டும் தனியாக எடுத்து, யார் வேண்டுமானாலும் தங்கள் கதையை அதில் பொருத்திக்கொள்ளலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்று திறந்த உரிமத்தில் விட்டார்கள். கலங்கரை விளக்கக் காவலர், வீட்டுக்குள் அடைபட்ட பேய், ஊரைக் காக்கும் முகமூடி என எந்தக் கதைக்கும் அந்த எலும்புக்கூடு பொருந்தும்.

எண்களைக் கொஞ்சம் பார்ப்போம்

எனக்கு இந்த வகைக் கேம்களில் பிடித்ததே இந்தப் பகுதிதான். மேலோட்டமாக 'எல்லாம் அதிர்ஷ்டம்' போலத் தோன்றும். ஆனால் நிகழ்தகவை வைத்தே கதையின் உணர்ச்சியைச் செதுக்கியிருக்கிறார்கள்.

காட்டேரி கேமில் இரண்டு பகடைகளுக்கும் சேர்த்து 60 சாத்தியங்கள். அதில் 39-ல் முன்னே போவீர்கள், 6-ல் இருந்த இடத்திலேயே நிற்பீர்கள், 15-ல் பின்னே வருவீர்கள். அதாவது 65%, 10%, 25%. காலம் முன்னே ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் நாலில் ஒரு முறை பழையது திரும்ப வந்து கையைப் பிடிக்கிறது. சராசரியாக ஒரு உருட்டலுக்கு இரண்டு ப்ராம்ப்ட் முன்னேற்றம்.

ராஜா விதியில் இன்னும் சுவாரசியம். முதல் நாலு சீட்டுமே ராஜாவாக வந்து கதை உடனே முடிவதற்கான வாய்ப்பு 2,70,725-ல் 1. கட்டின் பாதிக்குள், அதாவது 26 சீட்டுக்குள், நாலும் வந்துவிட 5.5% வாய்ப்பு. நாலாவது ராஜா கடைசிப் பத்து சீட்டுகளுக்குள் ஒளிந்திருக்க 59% வாய்ப்பு. சராசரி பார்த்தால் 42-வது சீட்டு வாக்கில் அவர் வருவார். ஒரு பகடை உருட்டலின் சராசரி 3.5 என்பதால், கோபுரம் இடையில் சரியாவிட்டால் சுமார் 12 நாள் குறிப்புகள். ஒரு குறிப்புக்கு 15 நிமிடம் வைத்துக்கொண்டால் மொத்தம் மூன்று மணி நேரம், அதாவது ஒரு தமிழ்ப்படம்.

மூன்று ராஜாக்கள் மேஜையில் கிடக்க, கட்டில் பத்து சீட்டு மிச்சம் இருக்கும்போது அடுத்த சீட்டைத் திருப்பத் தயங்குவீர்கள். பல ஆட்டங்கள் உங்களை அந்தத் தயக்கத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும்படிதான் கணக்கே அமைந்திருக்கிறது.

முகமூடிக்காரர்கள் ஏன் டைரி எழுதுகிறார்கள்?

முகமூடி நாயகனுக்கு டைரி வடிவம் ஒட்டவைத்த மாதிரி இல்லை, பிறவிப் பொருத்தம். லீ ஃபாக் 1936 பிப்ரவரி 17-ல் தொடங்கிய 'ஃபேன்டம்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1536-ல் கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்தவர் எடுத்த சபதத்தை, தலைமுறை தலைமுறையாக 21 பேர் காப்பாற்றுகிறார்கள். வெளியுலகுக்கு அவர் சாகாதவர். ரகசியம் எங்கே இருக்கிறது? மண்டையோட்டுக் குகையில், ஒவ்வொரு தலைமுறையும் தன் கைப்பட எழுதிவைத்த குறிப்பேடுகளில். வெளியே ஒரு வார்த்தை பேச முடியாதவர், உள்ளே வந்து எழுதித் தீர்க்கிறார்.

இவரை நமக்கு நன்றாகத் தெரியும். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் இவரை இந்திய வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இவர் 'மாயாவி'. முத்து காமிக்ஸின் 'இரும்புக்கை மாயாவி' வேறு ஆள். அவருக்கு முகமூடி தேவையில்லை, மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர உடம்பே மறைந்துவிடும். இந்த இரண்டு மாயாவிகளையும் குழப்பிக்கொண்டு சண்டை போடாத அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் குறைவு.

1986-ல் வரத் தொடங்கிய 'வாட்ச்மென்' காமிக்ஸில் ரோர்ஷாக் என்ற முகமூடியின் டைரிக் குறிப்போடுதான் கதையே திறக்கும். தன் டைரியை அவர் கடைசியில் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க, அது கிறுக்குக் கடிதங்களின் குவியலில் போய் விழும். செய்தி அறையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் குவியல் பரிச்சயமானது.

தமிழில் இந்த இரட்டை வாழ்க்கைக் கதைக்கு மூத்தவர் 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞர் எழுதிய நாவல். 1954-ல் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவுக்காக ஸ்ரீராமுலு நாயுடு இயக்க, கருணாநிதி வசனத்தில், எம்.ஜி.ஆர். நடித்தது. கொள்ளைக்காரனாகவும், அப்துல் ரஹீம் என்ற வணிகராகவும், குமாரவீரனாகவும் ஒரே ஆள். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் இது. இந்தியில் திலீப் குமாரின் 'ஆசாத்', தெலுங்கில் என்.டி.ஆரின் 'அக்கிராமுடு', மலையாளத்தில் 'தஸ்கரவீரன்', சிங்களத்தில் 'சூரசேன' என்று இந்தக் கதை ஊர் ஊராகப் போனது. கன்னடத்தில் 1957-ல் 'பெட்டத கள்ள' ஆனது. ஆக, பெங்களூரில் உட்கார்ந்து தமிழில் முகமூடிக் கதை எழுதுவது ஒன்றும் வழி தவறிய வேலை இல்லை.

பெங்களூரின் நிஜ முகமூடி

இந்த நகரத்துக்கு உண்மையிலேயே ஒரு முகம் தெரியாத குழு உண்டு. 2010-ல் சர்ச் ஸ்ட்ரீட்டில் தொடங்கிய 'தி அக்லி இந்தியன்'. குப்பை கொட்டும் மூலைகளையும் எச்சில் கறை சுவர்களையும் தேர்ந்தெடுத்து, நாள்கணக்கில் கவனித்து, ஒரு காலையில் சுத்தம் செய்து வண்ணம் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மேம்பாலத் தூண்களில் நீங்கள் பார்த்த முக்கோண வண்ணக் கட்டங்களும் அவர்கள் கைவரிசைதான். பெயர் சொல்ல மாட்டார்கள், பேட்டியில் முகம் காட்ட மாட்டார்கள். டெட்எக்ஸ் பெங்களூர் மேடையில் 2014-ல் பேசியவர்கூட முகமூடியோடுதான் பேசினார். கொள்கை ஒற்றை வரி: வேலை நடக்கட்டும், வாய் மூடியிருக்கட்டும்.

அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை, வீடியோ எடுத்து மானத்தை வாங்கவில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதனால் குப்பை விழுகிறது என்று முதலில் பார்த்தார்கள். டேட்டாவோடு பிழைப்பு நடத்துபவர் என்ற முறையில் எனக்கு இதைவிட நல்ல சூப்பர் பவர் தெரியவில்லை.

ஆனால் 'விஜிலான்டி' என்ற சொல்...

...நம் செய்திகளில் வரும்போது அழகாக இருப்பதில்லை. 2018 மே 23 அன்று சாம்ராஜ்பேட்டையில், ராஜஸ்தானில் இருந்து பிழைப்புக்கு வந்திருந்த ஓர் இளைஞரை, 'பிள்ளை பிடிக்கிறவன்' என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் கட்டிவைத்து அடித்தே கொன்றது. அடித்தவர்கள் ஒவ்வொருவரும் அந்த நிமிடத்தில் தன்னை நாயகனாகத்தான் நினைத்திருப்பார். அந்த ஆண்டு ஜூலை 17-ல் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரி வேண்டும் என்றும், தனிச் சட்டம் பற்றி நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்கிறது.

சினிமா இந்தக் கேள்வியை லேசாகத் தாண்டிவிடும். 'அந்நியன்' (2005) படத்தில் வெப்சைட்டில் புகார் வரும், தண்டனை கிடைக்கும். புகார் பொய்யாக இருந்தால்? அதைக் கேட்க மூன்று மணி நேரப் படத்தில் இடம் இல்லை. டைரி கேமில் இடம் உண்டு. 'நேற்று நீங்கள் அடித்த ஆள் தப்பான ஆள். அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள்?' என்று ஒரு சீட்டு கேட்டால், கட் சொல்லி அடுத்த சீனுக்குப் போக முடியாது. பதிலை நீங்களே உங்கள் கையெழுத்தில் எழுத வேண்டும். முகமூடிக் கதைக்கு இந்த வடிவம் ஏன் தேவை என்று என்னைக் கேட்டால், இந்த ஒரு சீட்டைத்தான் காட்டுவேன்.

சரி, ஆடிப் பார்க்கலாமா?

இன்று இரவே ஆடிப் பார்க்க, மேலே சொன்ன திறந்த எலும்புக்கூட்டின் மேல் நான் கட்டிய ஒரு பெங்களூர் மாதிரி இது. காசு கொடுத்து வாங்கும் கேம்களின் நேர்த்தி இதில் இருக்காது.

முதலில் ஆள். வயது 29. சேலத்துப் பக்கம். ஒயிட்ஃபீல்டில் டெஸ்டர் வேலை, பி.டி.எம். லேஅவுட்டில் பி.ஜி. எழுத ஆரம்பிக்கும் முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: முகமூடி எதனால் ஆனது? முதல் இரவு எதற்காக வெளியே போனீர்கள்? முகமூடி எந்த மொழியில் பேசும்? மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். துணி முகத்தை மறைக்கும். கன்னடத்தில் ஒட்டியிருக்கும் சேலத்து வாடையை மறைக்காது.

ஹார்ட்டின் வந்தால் நெருங்கியவர்கள். கிளாவர் வந்தால் ஆபீஸ். டைமன் வந்தால் ஊரில் நடக்கும் அநியாயம். இஸ்பேட் வந்தால் முகமூடியின் இரவு. ராஜா எந்த ஜாதியில் வந்தாலும், உங்களை யாரோ அடையாளம் கண்டுகொள்ள ஒரு படி நெருங்கிவிட்டார். நாலாவது ராஜா வந்தால் முகமூடி கழல்கிறது, கடைசிக் குறிப்பை எழுதி நோட்டை மூடுங்கள். ஒவ்வொரு இரவும் ஒரு பகடை உருட்டல், வந்த எண்ணுக்கு அத்தனை சீட்டு. இஸ்பேட் வரும்போதெல்லாம் ஜெங்காவில் ஒரு கட்டை. ஜெங்கா இல்லையென்றால் தீப்பெட்டிகளை அடுக்கி, ஒவ்வொரு இஸ்பேடுக்கும் மேலே இன்னொன்று வையுங்கள்.

சில ப்ராம்ப்டுகள்:

கிளாவர் 7: காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் தூங்கிவிட்டீர்கள். மேனேஜர் என்ன கேட்டார்? என்ன பொய் சொன்னீர்கள்?

டைமன் 4: பெல்லந்தூர் ஏரிக்குள் நள்ளிரவில் டேங்கர் ஒன்று எதையோ திறந்துவிடுகிறது. ஓட்டுநருக்கு வயது 19. யாரைப் பிடிப்பீர்கள்?

ஹார்ட்டின் 9: அம்மா போனில், "கையில என்ன காயம்னு" கேட்கிறார். வீடியோ கால் என்பதை மறந்துவிட்டீர்கள்.

இஸ்பேட் ராணி: உங்களைப் போலவே முகமூடி போட்ட இன்னொருவர் உங்கள் தெருவில். அவர் செய்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை.

டைமன் ராணி: 2016 செப்டம்பர் 12. காவிரிக் கலவரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்த நாள். அப்போது நீங்கள் கல்லூரியில் சேர ஊருக்குப் புதிதாக வந்தவர். அன்று பஸ்ஸில் யாருடைய போனை எடுக்காமல் விட்டீர்கள், என்ன மொழி வாயில் வந்துவிடுமோ என்று?

கடைசி ப்ராம்ப்டில் சூப்பர் பவர் எதுவும் இல்லை. அன்று இந்த ஊரில் இருந்த பலர், துணி எதுவும் இல்லாமலே ஒரு முகமூடியை மாட்டியிருந்தார்கள்.

குறிப்பு எப்படி இருக்கும்? கிளாவர் 7-க்கு ஓர் உதாரணம்:

"மூணாவது நாள். மேனேஜர் 'உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டாரு. ஆமா, பி.ஜி. சாப்பாடுன்னு சொன்னேன். மனுஷன் லஞ்சுக்குத் தன் டப்பால இருந்து தயிர் சாதம் எடுத்து வச்சாரு. நேத்து ராத்திரி நான் கதவை உடைச்ச குடோன், அவர் மச்சானோடதுன்னு சாப்பிடும்போதுதான் சொன்னாரு. தயிர் சாதம் நல்லா இருந்துச்சு."

இவ்வளவுதான். இலக்கியம் வேண்டாம். யாரும் படிக்கப்போவதில்லை என்பதுதான் இதன் பெரிய சலுகை. பேச்சுத் தமிழில் எழுதுங்கள், தங்கிலீஷில் எழுதுங்கள், வாய்ஸ் நோட்டாகவே போடுங்கள்.

எழுதினால் மனசு லேசாகுமா?

இந்தக் கேம்களை 'தெரபி' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். கொஞ்சம் நிதானம் தேவை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், 46 கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதவைத்தார். மனதைப் பாதித்த சம்பவத்தை, உணர்ச்சியோடு சேர்த்து எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் சுகாதார மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. இந்த வழியில் பிறகு நிறைய ஆய்வுகள் வந்தன. 2006-ல் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜோவான் ஃப்ராட்டரோலிக்குக் கிடைத்த சராசரி விளைவு 0.075. பூஜ்ஜியம் இல்லை, ஆனால் ரொம்பச் சின்னது. இவை எல்லாம் சொந்த அனுபவத்தை எழுதியதைப் பற்றியவை, கேம் ஆடியதைப் பற்றியவை அல்ல.

எனவே, ஆட்டம் ஆட்டமாக இருக்கட்டும். ஒரு ப்ராம்ப்ட் உங்கள் சொந்தக் காயத்தைத் தொட்டால், சீட்டைக் கட்டின் அடியில் செருகிவிட்டு அடுத்ததை எடுங்கள். கேட்க ஆள் இல்லை. நிஜமாகவே மனசு தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் 14416. பெங்களூர் நிம்ஹான்ஸ் மையமாக இருந்து வழிநடத்தும் இந்த இலவச சேவையில் தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும்.

எங்கே கிடைக்கும்?

சிறு கேம்களை விற்கும் இட்ச்.ஐஓ தளத்தில் இந்த வகைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பெரும்பாலானவை சில பக்க பி.டி.எஃப்.கள். விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம் என்பவையும் உண்டு. ஆழமான விதிகளோடு தனியாக ஆட விரும்பினால் ஷான் டாம்கினின் 'அயன்ஸ்வார்ன்' டிஜிட்டல் பதிப்பு இலவசம். அது வாள், சபதம் எனப் போகும் கதை, முகமூடி இல்லை, ஆனால் சபதம் எடுத்துவிட்டு அதன் விலையைக் கணக்குப் பார்க்கும் முறையை அப்படியே முகமூடிக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

அச்சடிக்க வேண்டிய அவசியம் இல்லை, போனிலேயே ப்ராம்ப்டைப் படித்துக்கொள்ளலாம். டைரியை மட்டும் தாளில் எழுதினால் நல்லது. போனில் எழுத ஆரம்பித்தால் மூன்றாவது வரியில் ஸ்விக்கி நோட்டிஃபிகேஷன் வந்துவிடும். ஆட்டத்தைத் தொடங்கும் முன் கட்டில் இருந்து இரண்டு ஜோக்கர்களையும் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள்.